எழுந்திருப்பதையும் காட்டுங்கள்

அறிவியல் புனைவுப் படங்களின் அடுத்தடுத்த பாகங்களை இயக்குபவர்களுக்கும், எழுதுபவர்களுக்கும், பணம் போடுபவர்களுக்கும்,

வணக்கம். நான் ஒரு பிசியோதெரபிஸ்ட். சினிமாவுக்கும் எனக்கும் உள்ள உறவு டிக்கெட் வாங்குவதோடு சரி. ஆனால் ரோபோ, விண்கலம், காலப்பயணம் என்று எது வந்தாலும் முதல் வாரமே பார்த்துவிடுகிற ஆள். முப்பது வருடம் கழித்துப் பழைய கதாநாயகனை மறுபடி கூட்டிவந்து ஓடவிடுகிறீர்களே, அதைப் பற்றித்தான் இந்த மடல். கூட்டிவராதீர்கள் என்று சொல்ல வரவில்லை. தாராளமாகக் கூட்டிவாருங்கள். என் குறை சின்னது.

என்னிடம் சிகிச்சைக்கு ஒரு பெரியவர் வந்தார். 74 வயது. குளியலறையில் வழுக்கி விழுந்திருந்தார். எலும்பு எதுவும் உடையவில்லை, பயம் மட்டும் தங்கிவிட்டது. தரையில் உட்கார்ந்தால் திரும்ப எழ முடியாது என்கிற பயம். அவருக்கு எழுந்திருக்கச் சொல்லிக்கொடுத்தேன். முதலில் ஒருக்களித்துப் படுக்க வேண்டும். உள்ளங்கையை ஊன்றி உடம்பை நிமிர்த்த வேண்டும். அப்புறம் முழங்கால் இரண்டும் தரையில். ஒரு காலை முன்னால் வைத்து, பாதம் நன்றாகப் பதிந்ததா என்று பார்த்து, கையைத் தொடையில் அழுத்தி, மூச்சை வெளியே விட்டபடி எழ வேண்டும். எழுந்த கையோடு நடக்கக் கூடாது. தலை சுற்றுகிறதா என்று கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். முதல் நாள் அவருக்கு அரை நிமிடத்துக்கு மேல் ஆயிற்று. நின்று மூச்சு வாங்கிக்கொண்டு, "சினிமாவுல என் வயசுக்காரன் மாடியில இருந்து விழுந்துட்டு அடுத்த நொடி நிக்கிறான். நடுவுல என்ன பண்றான்னு காட்டவே மாட்டேங்கிறாங்களே சார்?" என்றார்.

அதற்குப் பிறகு படம் பார்க்கும்போதெல்லாம் அதையேதான் கவனிக்கிறேன். அவர் சொன்னது சரி. விழுவதை மூன்று கோணத்தில், மெதுவாக, கண்ணாடிச் சில்லுகள் பறக்கக் காட்டுகிறீர்கள். விழுந்தவர் முகத்தை நெருக்கத்தில் காட்டுகிறீர்கள். அடுத்த ஷாட்டில் ஆள் நிற்கிறார். நடுவில் இருந்திருக்க வேண்டிய ஏழெட்டு விநாடி எடிட்டிங்கில் காணாமல் போய்விடுகிறது. விழுவதை டூப் செய்துவிடலாம், தப்பே இல்லை. ஒருவரின் வயது தெரிவது எழுந்திருக்கும்போதுதான். அதை மட்டும் வெட்டிவிடுகிறீர்கள்.

வயதானால் பலம் போய்விடும் என்பார்கள். எங்கள் தொழிலில் அதைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம். பலம் மெல்லத்தான் குறையும். அதற்கு முன்பே வேகம் போய்விடும். சட்டென்று சுருங்கி வேலை செய்கிற தசை இழைகள்தான் வயதோடு அதிகம் மெலிகின்றன. நிதானமாக, நீண்ட நேரம் வேலை செய்கிற இழைகள் அந்த அளவுக்கு மெலிவதில்லை. அதனால் ஒழுங்காக உடற்பயிற்சி செய்கிற எழுபது வயதுக்காரர் கனமான பெட்டியைத் தூக்கிவிடுவார். ஒருவர் சட்டையைப் பிடித்தால் லேசில் விடமாட்டார். ஆனால் கால் தடுக்கினால், விழாமல் சமாளிக்க அடுத்த காலை நேரத்துக்கு எடுத்துவைப்பது அவருக்குக் கஷ்டம். சண்டைக்காட்சி எழுதுகிறவருக்கு இதைவிட உதவியான தகவல் இருக்க முடியாது. பிடிக்கட்டும், தள்ளட்டும், முழு எடையையும் போட்டு அழுத்தட்டும், காலை ஊன்றி நின்று சுடட்டும், நம்புவேன். சுழன்று உதைத்துவிட்டுப் பூனை மாதிரி இறங்கினால் நம்பமாட்டேன். உதைத்தது யாரென்று எனக்குத் தெரியும், அவருக்கு 28 வயது இருக்கும்.

இதைச் சரியாகச் செய்தவர்களும் உங்களில் இருக்கிறார்கள். 'பிளேடு ரன்னர் 2049' வந்தபோது ஹாரிசன் ஃபோர்டுக்கு 75 வயது. முதல் படம் 1982-ல் வந்தது. பாழடைந்த சூதாட்ட விடுதியில் அவர் ரயன் காஸ்லிங்கை மறுபடி மறுபடி குத்துகிறார். காஸ்லிங் பாத்திரம் செயற்கை மனிதன்; திருப்பி அடிக்காமல் வாங்கிக்கொண்டே நிற்கிறான். ஒரு கட்டத்தில் கிழவருக்கே அலுத்துப்போய், இப்படியே அடித்துக்கொண்டிருக்கலாம், இல்லையென்றால் போய் ஒரு கிளாஸ் குடிக்கலாம் என்கிறார். அந்த உடம்பால் அதற்கு மேல் முடியாது என்று தெரிந்து எழுதிய காட்சி அது. படம் பிடிக்கும்போது ஃபோர்டின் ஒரு குத்து நிஜமாகவே காஸ்லிங் முகத்தில் விழுந்ததாம். வேகம் குறைந்தாலும் கை கனமாகத்தான் இருந்திருக்கிறது.

'டெர்மினேட்டர்: டார்க் ஃபேட்' படத்தில் (2019) பழைய நாயகி லிண்டா ஹாமில்டனும் அப்படித்தான். அறுபதைக் கடந்த பிறகு, ஏறத்தாழ ஒரு வருடம் பயிற்சி எடுத்துவிட்டு வந்தார். அறிமுகக் காட்சியில் காரிலிருந்து இறங்குகிறார், காலை ஊன்றுகிறார், சுடுகிறார். ஓட்டமில்லை, உருளலில்லை. தியேட்டரில் விசில் பறந்தது அதற்குத்தான். படம் மொத்தத்தில் சுமார் என்பது வேறு விஷயம். ஆனானப்பட்ட டெர்மினேட்டரையே நரைத்த தாடியோடு திரைச்சீலை வியாபாரம் செய்ய வைத்த துணிச்சலையும் நான் ரசித்தேன்.

டெர்மினேட்டராக நடிக்கும் ஷ்வார்ஸ்நெகர் விஷயத்தில் எழுத்தாளர்களுக்கு ஒரு சிக்கல் இருந்தது. இயந்திரத்துக்கு எப்படி வயதாகும்? இரும்புக்கு மேலே போர்த்திய தோலும் சதையும் உயிருள்ளவை, அவை மூப்படையும் என்று 2015-ல் 'ஜெனிசிஸ்' படத்தில் சமாளித்தார்கள். அழகான சமாளிப்பு. அதே படத்தில் 1984-ன் இளம் டெர்மினேட்டரைக் கணினியில் முகம் வரைந்து, வேறொரு ஆணழகன் உடம்பில் பொருத்தி, கிழவரோடு மோதவும் விட்டார்கள். எனக்கு அந்தச் சண்டை நினைவில் இல்லை. துப்பாக்கிக்குத் தோட்டா நிரப்பும்போது கிழ டெர்மினேட்டரின் கை நடுங்குவதுதான் நினைவில் இருக்கிறது.

கணினியால் முகத்தை இளமையாக்குவது பற்றி ஒரு வார்த்தை. 2019-ல் வந்த 'தி ஐரிஷ்மேன்' அறிவியல் புனைவு இல்லை, ஆனால் பாடம் அதில்தான் பளிச்சென்று தெரிகிறது. டி நீரோவின் முகத்தைப் பல ஆண்டுகள் பின்னுக்குக் கொண்டுபோனார்கள். அந்த முகத்தோடு அவர் தெருவில் ஒரு கடைக்காரனைப் போட்டு மிதிக்கிறார். காலை எடுப்பதற்கு முன்பே இடுப்பு தயங்குகிறது. தோள் முன்னால் வளைந்து சமநிலை தேடுகிறது. சுருக்கத்தைத் துடைத்துவிட்டார்கள். இடுப்பைத் துடைக்க முடியவில்லை.

'எந்திரன்', '2.0' படங்களின் சிட்டி மேல் இந்தப் புகார் எனக்கு இல்லை. இரண்டுக்கும் நடுவில் எட்டு வருடம். இரண்டாவது வந்தபோது ரஜினிகாந்துக்கு 67 வயது. ஆனால் சிட்டி இயந்திரம். அங்கே டூப்பும் கணினியும் கதைக்கே உரியவை. 'அவதார்' இரண்டாம் பாகத்தில் சிகர்னி வீவர் 14 வயதுப் பெண்ணாக வருவதையும் அப்படித்தான் எடுத்துக்கொள்கிறேன். எழுபதை நெருங்கும் வயதில் தண்ணீருக்கடியில் ஆறு நிமிடத்துக்கு மேல் மூச்சடக்கப் பழகிக்கொண்டு நடித்தார். மூச்சடக்குவதில் பயிற்சியும் பதற்றப்படாத மனசும் பாதி வேலையைப் பார்த்துவிடும். அந்த வயதில் அது முடியும்.

பாதுகாப்பு பற்றியும் சொல்லிவிடுகிறேன். 'மேட்ரிக்ஸ்' நான்காம் பாகத்துக்காக, ஐம்பதைத் தாண்டிய கியானு ரீவ்ஸும் கேரி-ஆன் மாஸும் சான் ஃபிரான்சிஸ்கோவில் நாற்பது மாடிக்கு மேல் உயரத்திலிருந்து ஏறத்தாழ இருபது முறை குதித்தார்கள். கேட்டாலே வயிறு கலங்கும். ஆனால் மூட்டைப் பார்க்கிற என் கண்ணுக்கு அது அவ்வளவு மோசமில்லை. கம்பி பிடித்துக்கொள்கிறது, மோதத் தரை இல்லை. ஃபோர்டின் கால் உடைந்தது எங்கே? 2014 ஜூனில், பைன்வுட் ஸ்டுடியோவில், 'ஸ்டார் வார்ஸ்' ஏழாம் பாகத்தின் செட்டில் விண்கலக் கதவைக் கடக்கும்போது. குதிக்கவில்லை, சண்டை போடவில்லை. ஹைட்ராலிக்கில் இயங்கும் கனமான கதவு மேலிருந்து வந்து அழுத்தியது. அவருக்கு 71 வயது. தயாரிப்பு நிறுவனத்துக்கு 2016-ல் 16 லட்சம் பவுண்டு அபராதம் விழுந்தது. அந்தக் கதவு முப்பது வயதுக்காரரின் காலையும் உடைத்திருக்கும். வயதின் மேல் பழி போட வேண்டாம். பெரிய குதிப்புக்கு முன்னால் நூறு முறை சரிபார்க்கிறீர்கள். நடந்துபோகிற காட்சியில் யாரும் பார்ப்பதில்லை. எங்கள் நோயாளிகளும் இப்படித்தான், மலையேறி விழுந்தவர் அபூர்வம், குளியலறையில் விழுந்தவர்தான் வரிசையில் நிற்கிறார்கள்.

அதே 'ஸ்டார் வார்ஸ்' படத்துக்காகத் தன்னை 35 பவுண்டுக்கு மேல், அதாவது ஏறத்தாழ 16 கிலோ, இளைக்கச் சொன்னார்கள் என்று, இளவரசி லேயாவாக நடித்த கேரி ஃபிஷர் வெளிப்படையாகவே சொன்னார். பழைய நாயகன் மார்க் ஹாமிலும் மாதக்கணக்கில் பயிற்சி செய்து இளைத்தார். திரையில் கடைசியில் வசனமே இல்லாமல் சில நொடி வந்துபோனார். இளவரசி ஒரு படைக்குத் தலைமை தாங்கும் தளபதியாகிவிட்டார் என்று நீங்களே எழுதிவிட்டு, தளபதிக்கு எதற்கு இளவரசியின் இடுப்பளவு?

சரி, நான் கேட்பது இதுதான். அடுத்த முறை பழைய நாயகரையோ நாயகியையோ கூட்டிவரும்போது, ஸ்டண்ட் மாஸ்டர் சண்டையை வடிவமைப்பதற்கு முன்னால் ஒரு நாள் ஒத்திகை அறையில் பாய் விரித்து அவரை உட்காரச் சொல்லுங்கள். பிறகு எழச் சொல்லுங்கள். உதவாதீர்கள், அவசரப்படுத்தாதீர்கள். எந்தக் கையை முதலில் ஊன்றுகிறார், எந்த முழங்காலை நம்பாமல் தவிர்க்கிறார், எந்த இடத்தில் மூச்சைப் பிடிக்கிறார் என்று பாருங்கள். இருவர் ஒரே மாதிரி எழுந்து நான் பார்த்ததில்லை. பிறகு படப்பிடிப்பில் அவர் விழுந்ததும் 'கட்' சொல்லாமல் கேமராவை ஓடவிடுங்கள். வில்லன் காத்திருக்கட்டும்.

பெரியவர் இப்போது பதினாலு விநாடியில் எழுந்துவிடுகிறார்.

இப்படிக்கு,
இடது முழங்காலை அவ்வளவாக நம்பாத ஒரு ரசிகன்