பாதியில் இறங்கவும் தெரிய வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். செங்குத்துப் பாறைகளில் பறவைகள் கூடு வைக்கும் மாதங்களில் பாறையேற்றத்துக்குத் தடை விதிப்பதைப் பற்றித் தங்கள் இதழில் எழுதிய வாசகர் ஒருவர், "நாங்கள் கூட்டைத் தொடுவதே இல்லையே, பிறகு எதற்குத் தடை?" என்று கேட்டிருந்தார். பல ஆண்டுகளாகப் பாறை ஏறிவரும் நானும் ஒரு காலத்தில் இதையே கேட்டவன் என்பதால் எழுதுகிறேன்.

தொடாமலேயே ஒரு கூட்டைப் பாழாக்கிவிட முடியும். செங்குத்துப் பாறைகளில் முட்டையிடும் வேட்டைப்பறவையான பொரி வல்லூறு சுள்ளி பொறுக்கிக் கூடு கட்டுவதில்லை. பாறை விளிம்பில் படிந்த மண்ணையும் சரளையையும் கீறிச் சிறு குழியாக்கி, அதில் செம்பழுப்பு நிறத்தில் மூன்று, நான்கு முட்டைகளை இட்டு, ஏறத்தாழ ஒரு மாதம் அடைகாக்கும். அந்த முட்டைகளுக்குத் தாய் தந்தையின் உடல்தான் கூரை. கயிற்றில் தொங்கியபடி அடுத்த பிடியைத் தேடும் நமக்கு அரை மணி நேரம் ஒரு பொருட்டல்ல. நம்மைக் கண்டு எழுந்த பறவையோ அந்த அரை மணியும் வட்டமிட்டுக் கத்திக்கொண்டிருக்க, குளிர்ந்த காலையில் முட்டை ஆறிப்போகும், வெயிலேறிய பாறையில் குஞ்சு துவண்டுவிடும், முட்டை திருடும் அண்டங்காக்கைக்கும் வழி திறந்துவிடும். குஞ்சுகளுக்கு ஆறு வாரம் நெருங்கும்போது ஆபத்து இன்னும் அதிகம்: சிறகு முற்றாத நிலையில் மிரண்டு, விளிம்பிலிருந்து குதித்துவிடும். ஒற்றை முட்டையிடும் பாறு கழுகுக்கு அது போனால் அந்த ஆண்டே போயிற்று.

ஒருமுறை மூன்று கயிறு நீளம் ஏறிய பிறகு, தலைக்கு மேல் "கெக் கெக் கெக்" என்று விடாத கத்தல் கேட்டது. அண்ணாந்து பார்த்தபோதுதான், வலப்புற விளிம்புக்குக் கீழே சுண்ணாம்பு வழிந்தாற்போன்ற எச்சக் கோடுகள் தெரிந்தன. ஏறத் தொடங்கும் முன் கீழிருந்தே அதைக் கவனித்திருக்க வேண்டும். அது என் தவறு. உச்சிக்கு ஒரு கயிறு நீளமே மீதி இருந்ததால், விரைந்து ஏறி முடித்துவிடலாம் என்றார் நண்பர். ஆனால் அந்த வழி விளிம்பை ஒட்டியே சென்றது. கயிற்றைத் தாங்க ஒரு நாடாவையும் கொக்கியையும் பாறையிலேயே விட்டுவிட்டுக் கயிற்றில் இறங்கினோம். நாங்கள் மரங்களுக்குள் மறைந்த பிறகே கத்தல் அடங்கியது.

பாறை ஏறுவோர் இந்தப் பறவைக்கு உதவியும் இருக்கிறார்கள். டிடிடி என்னும் பூச்சிக்கொல்லி மருந்தால் முட்டை ஓடு மெலிந்து பொரி வல்லூறுகள் அருகிப்போயிருந்த காலத்தில், அமெரிக்காவின் யோசெமிட்டி தேசியப் பூங்காவிலுள்ள எல் கேப்பிட்டன் பாறையில் 1978இல் ஒரு கூட்டைக் கண்டுபிடித்தவர்கள் அவர்கள்தாம். உடையக்கூடிய முட்டைகளை எடுத்துவந்து, பொரித்த குஞ்சுகளைத் திரும்பக் கூட்டில் வைக்கும் பணியிலும் கைகொடுத்தார்கள். அங்கே இன்றும் கூடுள்ள பாறைப் பகுதிகள் குஞ்சுகள் பறக்கும்வரை மூடப்படுகின்றன. கூடு இல்லையென்று உறுதியானால் முன்னதாகவே திறக்கப்படுகின்றன. வல்லூறு ஆண்டுதோறும் ஒரே விளிம்பில் முட்டையிடும் என்பதில்லை. ஆகவே, முழுப் பாறையையும் பழைய தேதிப்படி மூடுவதைவிட, ஒவ்வொரு பருவத்திலும் நேரில் பார்த்து, கூட்டின் பார்வைக்குள் வரும் வழிகளை மூடுவதே நியாயமானது; காரணம் கண்ணுக்குத் தெரியும் தடையை ஏறுவோரும் மனமொப்பி மதிப்பார்கள்.

தங்களிடம் ஒரு வேண்டுகோள். பாறையேற்ற வழிகளைப் பற்றித் தங்கள் இதழ் இனி எழுதும்போது, ஏறுவதற்கான கடினத்தையும் உயரத்தையும் குறிப்பிடுவது போலவே, அந்தப் பாறையில் எந்தப் பறவை எந்த மாதங்களில் கூடு வைக்கிறது என்பதையும் சேர்த்து அச்சிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
பாறை ஏறும் வாசகர் ஒருவர்