மன்னரை வரைந்தது மட்டும்தான் துணிச்சலா?

ஆசிரியருக்கு வணக்கம்.

கேலிச்சித்திரங்களைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையில் பிரெஞ்சு ஓவியர் ஓனொரே தோமியேவுக்கு இடம் கொடுத்ததற்கு நன்றி. ஆனால் 1835-க்குப் பிறகு அவர் அரசியலை விட்டு ஊர்க்கதைக்கு ஒதுங்கிவிட்டார் என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். அது எனக்கு உறுத்தலாக இருந்தது. அவர் உச்சத்துக்குப் போனதே அதற்கப்புறம்தான்.

ஏழைகள் கூடை கூடையாகச் சுமந்து வரும் பணத்தை மன்னர் லூயி ஃபிலிப் உட்கார்ந்து விழுங்குவதாக 1831-இல் வரைந்தார், ஆறு மாதச் சிறைத்தண்டனை பெற்றார். இதைக் கட்டுரையே சொல்லிவிட்டது. எந்தப் படமானாலும் அச்சுக்கு முன் அரசின் அனுமதி வேண்டும் என்று 1835 செப்டம்பரில் சட்டம் வந்தது. சரி, மன்னரைத் தொட முடியாது. அவர் ஆட்சியில் கொழுத்தவர்களைத் தொடலாமே? அடுத்த ஆண்டே 'லெ ஷாரிவாரி' நாளேட்டில் ரொபேர் மக்கேர் வந்து நின்றான். பாரிஸ் மக்கள் நாடக மேடையில் பார்த்துப் பழகிய திருடன் அவன். தோமியேவின் கையில் பங்கு விற்பவனாக, வக்கீலாக, வைத்தியனாகப் புதுப்புது வேடம் கட்டினான். முதல் படத்திலேயே கூட்டாளி பெர்த்ரானிடம், கணக்கில் அடங்காத மூலதனத்தில் வங்கி தொடங்கலாம் என்கிறான். "போலீஸ் வந்தால்?" என்று அவன் பயப்படுகிறான். "மடையா, கோடீஸ்வரனை யாராவது கைது செய்வார்களா?" என்கிறான் மக்கேர். சீட்டுக் கம்பெனியில் பணத்தைப் பறிகொடுத்தவர்களுக்கு இந்தப் படத்தை யாரும் விளக்க வேண்டியதில்லை. இதையா ஒதுங்கல் என்பது?

நீதிமன்றப் படங்கள் இன்னும் கூர்மையானவை. தோமியே சிறு வயதில் கோர்ட் அமீனா ஒருவரிடம் எடுபிடி வேலை பார்த்தவர். வக்கீல்களின் நடை, உடை, தோரணை எல்லாம் நேரில் கண்டவை. 1840-களில் வந்த அந்த வரிசையில் ஒரு வக்கீல், தோற்றுப்போன கட்சிக்காரரிடம், வழக்கு போனது உண்மைதான், ஆனாலும் என் வாதத்தைக் கேட்டு நீங்கள் ரசித்திருப்பீர்களே என்கிறார். அந்த நிமிர்ந்த தலையையும் கறுப்பு அங்கியின் மிடுக்கையும் பாருங்கள். பக்கம் பக்கமாக எழுதினாலும் அது வராது. குளிரில் விறைத்துப்போன மூன்றாம் வகுப்பு ரயில் பயணிகளையும் வரைந்திருக்கிறார். அங்கே அவர் கேலி செய்வது பயணிகளை அல்ல, அவர்களை அப்படி அடைத்து அனுப்பியவர்களை.

நான் ஆஃப்செட் அச்சகத்தில் வேலை பார்த்தவன் என்பதால் இன்னொன்றும் சொல்ல வேண்டும். இவை தூரிகை ஓவியங்கள் அல்ல. சுண்ணாம்புக் கல்லின் மேல் கொழுப்புக் கலந்த கரிக்கோலால் நேராக வரைந்தவை. கல்லை நனைத்து மை ஏற்றினால், ஈரம் உள்ள இடம் மையைத் தள்ளும், கோடு மட்டும் பிடித்துக்கொள்ளும். எங்கள் ஆஃப்செட்டும் இதே தத்துவம்தான். அச்சடித்து முடிந்ததும் கல்லைத் தேய்த்துவிட்டு அடுத்த படத்துக்கு எடுத்துக்கொள்வார்கள். நாளேட்டின் அவசரத்துக்கு நடுவே இப்படிச் சுமார் 4,000 படங்கள் வரைந்திருக்கிறார்!

எல்லாப் படங்களையும் நான் தூக்கிப் பிடிக்கவில்லை. 1844-இல் எழுத்தாளப் பெண்களை, பிள்ளையையும் அடுப்பையும் கவனிக்காதவர்கள் என்று ஒரு வரிசை முழுக்க நக்கலடித்தார். வலியவனை இடிக்கும்போது இருந்த நியாயம் அங்கே இல்லை. அதையும் கட்டுரை சொல்லியிருக்க வேண்டும்.

ஒரு வேண்டுகோள். நீங்கள் வெளியிட்ட தோமியே படத்தில் கீழே இருக்கும் உரையாடலை வெட்டிவிட்டீர்கள். மக்கேர் படங்களுக்கு அந்த வரிகளை எழுதியவர் பத்திரிகையை நடத்திய ஷார்ல் ஃபிலிப்போன். வாசகர்கள் படத்தோடு சேர்த்துப் படித்துச் சிரித்தது அவற்றையும்தான். வரும் இதழ்களில் மக்கேர் வரிசையிலிருந்தும் வக்கீல்கள் வரிசையிலிருந்தும் இரண்டு மூன்று படங்களையாவது, அந்த வரிகளைத் தமிழில் கொடுத்து, அரைப் பக்க அளவுக்குக் குறையாமல் வெளியிடுங்கள்.

ஒரு வாசகர்,
சிவகாசி