ரூத்தின் பெயரையும் அச்சிடுங்கள்

கர்த்தருக்குள் அன்பான ஞானப்பாட்டுத் தொகுப்புக் குழுவினருக்கு,

ஸ்தோத்திரம். உங்கள் புதிய தொகுப்பில், சகரியா கண்ட மிருதுச்செடிகளோடு தொடங்கும் அந்த வெல்ஷ் பாடலின் பக்கத்தைத் திருப்பியதும் மனம் கனத்தது. பாடல்: ஆன் கிரிஃபித்ஸ், 1776–1805. ராகம்: கூம் ரோண்டா, ஜான் ஹியூஸ். அவ்வளவுதான். ஆனின் பாடல்களை மனத்தில் வைத்துக் காத்துக்கொடுத்த ரூத் எவன்ஸ் எங்கே?

போதாக்குறைக்கு, ரூத்தின் கணவர் பெயரும் ஜான் ஹியூஸ்தான். இந்த ஜான் ஹியூஸையே அவர் என்று வாசிக்கிறவர்கள் எண்ணிக்கொள்வார்கள். ராகம் அமைத்தவர் 1873இல் பிறந்தவர். வேல்ஸிலுள்ள பான்ட்ராபர்ட் ஊரின் போதகரான ரூத்தின் கணவர் 1854இலேயே மறைந்துவிட்டார். பெயருக்குப் பக்கத்தில் ஆண்டைப் போட்டிருந்தால் இந்தக் குழப்பத்துக்கு இடமில்லை.

நடந்தது உங்களுக்குத் தெரியாததல்ல. ஆனின் வீடான டோல்வார் வாக் பண்ணையில் ரூத் பணிப்பெண், எழுதத் தெரியாதவர். 1805 ஆகஸ்டில், மணமாகி ஓராண்டு நிறையுமுன், பிள்ளைப்பேற்றுக்குப் பின் 29 வயதில் ஆன் இறந்தார். அவர் கைப்பட எழுதியதாக நமக்கு மிஞ்சியிருக்கும் பாடல் ஒரே ஒரு சரணம். அதுவும் ரூத்தின் சகோதரி எலிசபெத்துக்கு எழுதிய கடிதத்தில் இருப்பது. மற்ற எழுபதுக்கும் மேற்பட்ட சரணங்களும் ரூத்தின் வாய்வழி வந்தவை. அவர் சொல்லச் சொல்ல, கணவர் ஏட்டில் எழுதினார்.

அது எத்தனை கடினம் என்று பாருங்கள். ஓர் அடி நழுவினால் ஒப்பிட்டுப் பார்க்கப் பிரதி கிடையாது. கேட்டுத் திருத்திக்கொள்ள ஆனும் இல்லை. மிருதுச்செடிப் பாடலில் அடிதோறும் 8, 7, 8, 7, 4, 7 என்று வரும் அசைக்கணக்கு நினைவுக்குக் கொஞ்சம் கைகொடுத்திருக்கும். ஆனால் இந்தப் பாடல்களில் வேதவசனங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வரும். பொருள் விளங்காமல் ஒப்பிக்கிறவருக்கு நாலாவது அடியிலேயே நாக்குத் தடுமாறும். ரூத் விளங்கிக்கொண்டே மனத்தில் வைத்திருக்க வேண்டும்.

1806இல் வெல்ஷ் போதகர் தாமஸ் சார்ல்ஸின் முயற்சியால் வேல்ஸின் பாலா ஊரில் பாடல்கள் அச்சேறியபோது, பதிப்பித்தவர்கள் சொற்களைத் திருத்தினார்கள். ரூத்தின் கணவர் ஹியூஸின் கையெழுத்துப் படியிலிருந்து வெல்ஷ் அறிஞர் ஓ. எம். எட்வர்ட்ஸ் பதிப்பித்தது 1905இல். ரூத் சொன்ன சொல் அச்சேற ஏறத்தாழ நூறு ஆண்டு காத்திருந்தது. அவர் பெயர் இன்னும் எத்தனை காலம் காத்திருக்க வேண்டும்?

நாங்கள் கேட்பது ஒரு வரி. ‘ரூத் எவன்ஸின் நினைவிலிருந்து எழுதியவர்: ஜான் ஹியூஸ், பான்ட்ராபர்ட், 1775–1854.’ சிறிய எழுத்தில் போட்டாலும் போதும். மொழிபெயர்த்தவருக்கு இடமிருக்கிறது, பதிப்புரிமைக்கு இடமிருக்கிறது. பாட்டையே காப்பாற்றிக் கொடுத்தவருக்கு இல்லையா? சபைகளில் இது பழைய வழக்கம். பெண்கள் மனத்தில் வைத்துக் காத்ததை ஆண்கள் எழுதிக்கொண்டதும், எழுதியவர் பெயர் நிற்கும். சொன்னவர் ‘பணிப்பெண்’ ஆகிவிடுவார். பெயர் தெரியாமல் போயிருந்தால் மனதைத் தேற்றிக்கொள்ளலாம். ரூத்தின் பெயர் நன்றாகத் தெரியும்.

கடிந்து எழுதியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். அடுத்த பதிப்பு அச்சுக்குப் போகும் முன், ரூத் எவன்ஸ் என்ற பெயரை அந்தப் பக்கத்தில் சேர்க்கும்படி தாழ்மையாய்க் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
இந்தப் பாடல்களைப் பாடியும் கற்பித்தும் வருகிறவர்கள்