தேசபிதாவை முழுசாகச் சொல்லிக் கொடுங்கள்

சுதந்திர தினத்துக்குப் பிள்ளைகளுக்குப் பேச்சு எழுதிக் கொடுக்கும் வன்னி ஆசிரியர்களுக்கு வணக்கம்.

இந்த வருடம் பெப்ரவரி 4ஆம் திகதி எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளையொன்று இலங்கையின் தேசபிதா என்று சொல்லப்படும் டி.எஸ். சேனாநாயக்கவைப் பற்றிப் பேசியது. ஒரு சொல் தடுக்கவில்லை. 1915 சிங்கள-முஸ்லிம் கலவரத்தில் ஆங்கிலேயர் அவரைச் சிறையில் போட்டது, முதல் பிரதமரானது, 1952 மார்ச்சில் காலிமுகத்திடலில் குதிரையிலிருந்து விழுந்து இறந்தது, எல்லாம் வந்தது. நானும் மனதாரக் கைதட்டினேன். ஆனால் எனக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்தவர் அந்தப் பிள்ளையின் பாட்டி, தமிழருக்கு எதிரான 1977 கலவரத்துக்குப் பிறகு மலையகத்திலிருந்து துணிமூட்டையோடு கிளிநொச்சிக்கு வந்தவர். இந்தியாவிலிருந்து தோட்ட வேலைக்கு வந்த மலையகத் தமிழரான அவருடைய சனத்துக்கு அந்தப் பேச்சில் ஒரு வரிகூட இல்லை.

சேனாநாயக்கவைத் திட்டி எழுதிக் கொடுங்கள் என்று நான் கேட்கவில்லை. குளத்தையும் வயலையும் அவரளவுக்கு நேசித்த தலைவர்கள் குறைவு. விவசாய அமைச்சராக இருந்தபோது காடு மூடிக் கிடந்த மின்னேரியாவில் குடியேற்றத்தைத் தொடங்கியவர், 1935இல் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தைக் கொண்டுவந்தவர் அவர்தான். இன்றைக்கு எங்கள் வீட்டு றங்குப்பெட்டியில் அப்பா பத்திரமாக வைத்திருக்கும் காணி பெர்மிட் அந்தச் சட்டத்தில் வந்ததுதான், உங்களில் எத்தனையோ பேர் வீட்டிலும் அப்படித்தான் இருக்கும். இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். மனனம் செய்யும் பேச்சு அப்போதுதான் அவர்கள் நிற்கிற மண்ணோடு ஒட்டும்.

அப்புறம் மற்றதையும் சொல்லுங்கள். சுதந்திரம் வந்த அதே 1948இல், 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டத்தை நிறைவேற்றியது அவருடைய அரசாங்கம். இங்கே பிறந்தால் மட்டும் போதாது, தகப்பன் இங்கே பிறந்திருக்க வேண்டும், இல்லையென்றால் தகப்பன்வழிப் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்திருக்க வேண்டும் என்றது அந்தச் சட்டம். தோட்டத்து லயன் வீட்டில் பிறந்து கொழுந்து பறித்துச் செத்துப்போன பாட்டனுக்குப் பிறப்புச் சான்றிதழை யார் எடுத்து வைத்திருப்பார்கள்? 1949இல் வாக்குரிமையும் போனது. 1947 தேர்தலில் மலையக மக்களின் கட்சியான இலங்கை இந்தியன் காங்கிரசிலிருந்து ஏழு பேர் பாராளுமன்றம் போயிருந்தார்கள், 1952இல் ஒருவரும் இல்லை. இலங்கை, இந்தியப் பிரதமர்கள் செய்த 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று ஆட்களை எண்ணிப் பிரித்தார்கள். மிஞ்சியிருந்தவர்களின் நாடற்ற நிலையைத் தீர்க்க 2003இலும் ஒரு சட்டம் தேவைப்பட்டது.

வடக்குத் தமிழரான எங்கள் பங்கையும் மறைக்காதீர்கள். சேனாநாயக்கவின் முதல் அமைச்சரவையில் வவுனியாத் தொகுதியில் தெரிவான சி. சுந்தரலிங்கம் இருந்தார், பிறகு இந்த மலையக மக்கள் குடியுரிமை பெற நிபந்தனை போட்ட இந்திய பாகிஸ்தானியர் குடியுரிமை மசோதாவில் முரண்பட்டுப் பதவி விலகினார். அரசில் சேர்ந்த தமிழ்க் காங்கிரஸ் தலைவர் ஜீ.ஜீ. பொன்னம்பலம் விலகவில்லை. அவருடைய கட்சியிலிருந்த செல்வநாயகம் பிரிந்துபோய் 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சியைத் தொடங்கியதற்கு இது பெரிய காரணம். எங்கள் தொகுதியின் கதையே இதற்குள் கிடக்கிறது, அதைக்கூட எங்கள் பிள்ளைகள் கேள்விப்பட்டதில்லை என்றால் எனக்குத் தாங்கவில்லை.

ஐந்து நிமிடத்துக்குள் இவ்வளவும் எப்படி என்று கேட்பீர்கள். குதிரையைக் குறையுங்கள். "ஈடிணையற்ற", "ஒப்பற்ற" எல்லாவற்றையும் எடுங்கள், இரண்டு நிமிடம் மிஞ்சும். ஒருவர் குளம் கட்டியதும் அவர் கொண்டுவந்த சட்டத்தால் லட்சக்கணக்கானோர் நாடற்றுப் போனதும் ஒரே வாழ்க்கையில் நடந்தவை என்பதைப் பதினான்கு வயதுப் பிள்ளை நன்றாக விளங்கிக்கொள்ளும். விளங்காது என்று நினைப்பது நாங்கள்தான்.

அடுத்த பெப்ரவரிக்கு முன்னால் அந்தப் பிள்ளையை ஒரு பின்னேரம் பாட்டியோடு இருக்கவிட்டு, பேச்சின் இரண்டாம் பாதியை அவளையே எழுதச் சொல்லுங்கள். குடியுரிமைக்கு அலைந்த காலத்துக் கடதாசிகளைப் பாட்டி இன்னும் ஒரு பொலித்தீன் பையில் சுற்றி வைத்திருக்கிறார், அன்றைக்கு என்னிடம் சொன்னார்.