கூட்டுறவுச் சங்க இயக்குநர்களுக்கு: அடுத்தது மின்சாரம்

கோலாலம்பூரில் இயங்கும் நம் கூட்டுறவுச் சங்கங்களின் இயக்குநர்களுக்கு வணக்கம். சங்கக் கட்டடங்களின் கூரைகளில் சூரிய ஒளியில் மின்சாரம் தரும் தகடுகளைப் பதியுங்கள் என்று கேட்கவே இதை எழுதுகிறேன்.

நான் கோல சிலாங்கூர் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள். எங்கள் லயத்துக்கு, அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு, தோட்டத்து ஜெனரேட்டரில் இருந்துதான் கரண்ட். இரவு பத்து மணிக்கு நிறுத்திவிடுவார்கள். பல்பு மங்கி, சிவந்து, உள்ளே இருக்கும் கம்பி மட்டும் ஒரு கணம் தெரியும். அதற்குள் அம்மா தீப்பெட்டியைக் கையில் எடுத்துவிடுவார்.

அதே வீட்டில், பிஸ்கட் டின்னுக்குள், அப்பாவின் பங்குச் சீட்டு இருந்தது. தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றுக்கொண்டிருந்த காலத்தில், 1960இல், அப்போது மலாயா இந்தியர் காங்கிரஸ் தலைவராக இருந்த துன் வீ.தி. சம்பந்தன் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்துக்கு அப்பாவும் மாதம் 10 வெள்ளி கட்டியவர். பால் மரம் வெட்டியவர்கள் காசு சேர்த்துத் தோட்டத்தையே வாங்கினார்கள். கெடாவில் புக்கிட் சிடிம் தோட்டத்தில் அது தொடங்கியது. நிலத்தையே வாங்கியவர்கள் விளக்கை மட்டும் துரையின் கையில் விட்டுவிட்டோமே என்று எனக்கு இன்றும் ஆற்றாமை உண்டு.

அமெரிக்க விவசாயிகள் அப்படி விடவில்லை. 1930களின் நடுவில் அங்கே பத்துப் பண்ணை வீடுகளில் ஒன்பதில் மின்சாரம் கிடையாது. வீடுகள் தள்ளித் தள்ளி இருக்கின்றன, கம்பி இழுத்தால் கட்டுப்படியாகாது என்று கம்பெனிகள் ஒதுங்கிக்கொண்டன. 1935இல் அதிபர் ரூஸ்வெல்ட் ஊரக மின்மயத்துக்கென்று ஒரு நிர்வாகத்தை அமைத்தார்; அரசு கடன் கொடுத்தது. விவசாயிகள் வீடு வீடாகப் போய் 5 டாலர் சந்தா வாங்கிச் சங்கம் கட்டினார்கள். இன்று சுமார் 900 சங்கங்கள், 4 கோடிக்கு மேல் மக்களுக்கு மின்சாரம் தருகின்றன. ஒரு மைல் கம்பிக்குச் சராசரியாக எட்டு இணைப்புகள்தான். தனியார் கம்பெனிகளுக்கோ முப்பதுக்கு மேல். அப்படியும் நடத்துகிறார்கள். பெரிய பண்ணைக்காரரானாலும் ஒரே ஓட்டு. மிச்சப்படும் பணம் அவரவர் கட்டிய பில்லுக்கு ஏற்ப அவரவர் பேரில் வரவு வைக்கப்படுகிறது. சில வருடங்கள் அது சங்கத்துக்கு முதலாக இருந்து, அப்புறம் உறுப்பினர் கைக்கே திரும்புகிறது. அந்த ஏற்பாடு எனக்கு மிகவும் பிடித்தது. தெலங்கானாவின் சிர்சில்லாவில்கூட 1970 முதல் ஒரு மின் கூட்டுறவு நடக்கிறது.

சரி, கோலாலம்பூரில் கம்பிக்குப் பஞ்சமில்லையே என்பீர்கள். பஞ்சம் கூரைக்குத்தான். தனி வீட்டுக்காரர் தன் கூரையில் சூரியத் தகடு பதித்து பில்லைக் குறைத்துக்கொள்கிறார். தோட்டத்தை விட்டு வந்து செந்தூல் அடுக்குமாடியின் எட்டாவது மாடியில் இருக்கும் எனக்குச் சொந்தக் கூரை இல்லை. ஆனால் சங்கங்களுக்குக் கட்டடம் இருக்கிறது, மண்டபம் இருக்கிறது. முதலில் அந்தக் கூரைகளில் தகடு பதியுங்கள். அதற்கென்று தனிப் பங்கு வெளியிட்டு, மாதம் 10 வெள்ளி கட்டக்கூடியவரும் சேரும்படி செய்யுங்கள். மிச்சமாகும் கட்டணத்தை அமெரிக்கர்களைப் போல உறுப்பினர் பேரில் வரவு வையுங்கள். சட்டம் எதுவரை அனுமதிக்கிறது என்று எரிசக்தி ஆணையத்திடம் கேட்டு, பதிலை எங்களுக்குத் தமிழில் சொல்லுங்கள்.

தமிழில் என்று கேட்பதற்குக் காரணம் உண்டு. நான் உறுப்பினராக உள்ள ஒரு சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் கணக்கறிக்கையை ஐந்தே நிமிடத்தில் வாசித்து முடித்தார்கள். பக்கத்தில் இருந்த பாட்டி, "என்னம்மா சொன்னாங்க?" என்று கேட்டார். எனக்கும் பாதிதான் புரிந்திருந்தது. அடுத்த ஆண்டுக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் இந்தக் கூரை விஷயத்தைச் சேருங்கள். கேள்வி கேட்க அரை மணி நேரம் ஒதுக்குங்கள். அந்தப் பாட்டியை நானே அழைத்து வருகிறேன்.

அன்புடன்,
செந்தூலில் இருந்து ஓர் உறுப்பினர்