கையெழுத்து போடாத வாக்கு

அன்புள்ள பாப்பா,

உன் வாய்ஸ் மெசேஜ் கேட்டேன். சேர்கிறேன் என்று நீ சொன்ன சின்ன கம்பெனி உனக்காக இடம் பிடித்து வைத்திருக்கிறது. இப்போது பெரிய கம்பெனி கூப்பிடுகிறது. "சின்ன கம்பெனில இருந்து போன் பண்ணா எடுக்காம விட்டுடலாம்மா, மெயில்ல சரின்னதோட சரி, கையெழுத்து போடல, சீனியர்ஸ் எல்லாரும் இப்படித்தான்" என்கிறாய். எனக்குச் சட்டம் தெரியாது. ஆனால் திருவொற்றியூர்ப் பெண் இப்படிப் பேசலாமா?

மாசித் திருவிழாவில் மகிழடி சேவை பார்க்க என் இடுப்பில் உட்கார்ந்து வந்தவள் நீ. அந்தக் கதையைக் கொஞ்சம் யோசி. சங்கிலி நாச்சியாரைக் கட்ட வேண்டுமென்றால், பிரிய மாட்டேன் என்று தேவாரம் பாடிய சுந்தரர் சத்தியம் செய்ய வேண்டும். அவருக்கோ திருவாரூரை விட்டு இருக்க முடியாது. அதனால், நான் சன்னிதியில் சத்தியம் செய்ய வரும்போது நீர் மகிழ மரத்தடியில் போய் இரும் என்று சாமியிடமே ஏற்பாடு செய்தார். சாமி இல்லாத சன்னிதியில் செய்தால் அது சத்தியமில்லையாம்! உன் கையெழுத்துக் கணக்கும் இதுதானே? சாமி சும்மா இருப்பாரா, சங்கிலியின் கனவில் போய், மரத்தடியில் சத்தியம் கேள் என்று சொல்லிவிட்டார். அவளும் கேட்டு வாங்கினாள். ஞாயிறு கிராமத்துப் பெண், நம்ம பக்கம், ஏமாறுவாளா?

அப்புறம் வசந்த காலம் வந்தது, திருவாரூர் நினைவும் வந்தது, கிளம்பிவிட்டார். ஒற்றியூர் எல்லையைத் தாண்டியதும் இரண்டு கண்ணும் போயிற்று. சாமி கும்பிடத்தான் போனார், அதுவும் சாமியின் தோழர். அப்படியும் விடவில்லை. வழியில் திருவெண்பாக்கத்தில் சாமியிடம் கண் கேட்டால் ஊன்றுகோல்தான் கிடைத்தது. அந்தப் பழைய கோயில் இருந்த இடம் இன்று பூண்டி ஏரிக்குள் கிடக்கிறது. காஞ்சிபுரத்தில் ஒரு கண், திருவாரூரில் இன்னொரு கண் என்று தவணையில்தான் பார்வை திரும்பியது.

சீனியர்கள் விஷயம். தைத்திரீய உபநிஷதத்தில், படிப்பு முடித்துப் போகிற மாணவனிடம் குரு, உண்மை பேசு, தர்மப்படி நட, தாயைத் தெய்வமாக நினை என்கிறார். (என்னைத் தெய்வமாக நினைக்க வேண்டாம், போன் செய்தால் எடு, போதும்.) கூடவே, எங்கள் நடத்தையில் நல்லதை மட்டும் பின்பற்று, மற்றதை விட்டுவிடு என்றும் சொல்கிறார். குருவுக்கே அந்தக் கணக்கு என்றால் உன் சீனியர்கள் எம்மாத்திரம்?

ஆபத்து காலத்துக்கு வேறு தர்மம் உண்டுதான். மகாபாரதத்தில் 12 வருஷப் பஞ்சத்தில் பசி தாங்காமல் விசுவாமித்திரரே நாய்க்கறி திருடப் போகிறார். சம்பளம் கூடுவது அந்த மாதிரி ஆபத்தா? நம் வீட்டுக் கடன் இப்போதும் கட்டுப்படியாகத்தான் ஓடுகிறது.

வாக்கு கொடுத்த இடத்துக்கே போ என்பது என் கருத்து. அப்பா வேறு மாதிரி சொல்வார். ஆனால் சுந்தரர் கிளம்பும் முன் சங்கிலியிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எனக்கு அடிக்கடி தோன்றும். வாக்கை வாங்கியவர்தானே விடுவிக்க முடியும்? உனக்காக வேறு ஆளை வேண்டாமென்று அனுப்பியிருப்பார் அந்தச் சின்ன கம்பெனி மேனேஜர் அம்மா. நிலைமையைச் சொல்லி அவரிடம் கேள். சரி என்றால் பெரிய கம்பெனிக்குப் போ. முடியாது என்றால் சின்னதில் சேர்.

வெள்ளிக்கிழமைக்குள் பேசிவிடு. மெயில் வேண்டாம், போன். பேசிவிட்டு எனக்குச் சொல், அப்பாவிடம் நான் பேசிக்கொள்கிறேன்.

அம்மா
திருவொற்றியூர்