கயலுக்கு, ஆர்டர் போடும் முன்

அன்புள்ள கயல்,

விண்டோஸுக்குப் பதில் இலவச லினக்ஸ் போட்டு ஓட்ட நீ வாங்கப்போகும் கம்ப்யூட்டருக்கு, வாட்ஸ்அப்பில் அனுப்பிய பார்ட்ஸ் லிஸ்ட்டை இரண்டு முறை படித்தேன். அப்பாவும் படித்தார், அவருக்குப் புரிந்தது கடைசியில் இருந்த மொத்தத் தொகை மட்டும்தான். போனில் சொன்னால் பாதியிலேயே "சரிம்மா, சரிம்மா" என்பாய். அதனால் எழுதுகிறேன்.

கடைக்காரர் "லினக்ஸ் எல்லாம் ஓடும் மேடம்" என்றாராம். ஓடும்தான். ஆனால் எது ஓடும், எது நொண்டும் என்பது அட்டைப்பெட்டியைப் பார்த்தால் தெரியாது. உள்ளே இருக்கும் சிப் எது என்று தெரிய வேண்டும். நான் இதைப் பட்டுத்தான் கற்றேன். நீ காலேஜ் முதல் வருடம் போனபோது டெபியன் என்ற லினக்ஸ் ஓடும் வீட்டுக் கம்ப்யூட்டருக்கு ஒரு யூஎஸ்பி வைஃபை வாங்கினேனே, நினைவிருக்கா? பள்ளிக்கூட லேபில் அதே மாடல் ஒழுங்காக வேலை செய்தது. அதை நம்பி வாங்கினால் அதே பெயர், அதே பெட்டி, ஓரத்தில் மட்டும் பொடி எழுத்தில் 'வி2'. உள்ளே சிப்பை மாற்றிவிட்டார்கள். அந்தச் சிப்பை இயக்கும் டிரைவர் அப்போது லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலில் இல்லை. எங்கிருந்தோ சோர்ஸ் கோடை இறக்கி நானே கம்பைல் செய்தேன். ஒவ்வொரு கெர்னல் அப்டேட்டுக்கும் வைஃபை செத்துப்போகும். நெட் இல்லாமல் டிரைவரை எப்படி இறக்குவது? உன் பழைய போனைக் கேபிளில் சொருகி, டெதரிங் போட்டு, மறுபடி முதலிலிருந்து. "இதைத்தான் இலவசம்னு சொன்னியா?" என்று அப்பா கேட்டது இன்னும் காதில் இருக்கிறது.

உன் லிஸ்ட்டில் இன்டெல் ஏஎக்ஸ்211 வைஃபை கார்டு இருக்கிறது. அதை எடுத்துவிடு. அது அரைக் கார்டு. மீதி வேலையை மதர்போர்டில் இருக்கும் இன்டெல் சிப்செட்தான் செய்தாக வேண்டும். நீ வாங்குவது இன்டெல்லின் போட்டிக் கம்பெனி ஏஎம்டியின் பிராசஸருக்கான போர்டு. சொருகினால் அழகாக உட்காரும், ஆனால் போர்டு அதைக் கண்டுகொள்ளாது. ஏஎக்ஸ்210 வாங்கு. எண்ணில் ஒன்றுதான் குறைவு, ஆனால் அது முழுக் கார்டு, ஏஎம்டியிலும் வேலை செய்யும். டிரைவர் கெர்னலிலேயே இருக்கிறது. கார்டுக்குள் ஏற்ற வேண்டிய ஃபர்ம்வேர் என்ற சின்ன மென்பொருளையும் டெபியன் 12-லிருந்து இன்ஸ்டாலரே சேர்த்துக் கொடுக்கிறது. முன்பு அதைத் தனியாகத் தேடி அலைவோம்.

அப்புறம் என்விடியா கிராபிக்ஸ் கார்டு. லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் 2012-இல் பின்லாந்தில் மேடையில் உட்கார்ந்து அந்தக் கம்பெனியைச் சொன்ன வார்த்தை என்னைப் போன்ற டீச்சர் வாயில் வரக்கூடாதது. 2022-இல் தங்கள் டிரைவரின் கெர்னல் பகுதிக்கான சோர்ஸ் கோடை அவர்கள் வெளியிட்டார்கள். இப்போது அவ்வளவு மோசமில்லை. இருந்தாலும் அந்த டிரைவர் கெர்னலுக்கு வெளியேதான் இருக்கிறது, ஒவ்வொரு அப்டேட்டிலும் கூடவே கட்டி இழுக்க வேண்டும். ஏஎம்டியின் டிரைவர் 2015-லிருந்து கெர்னலுக்குள்ளேயே இருக்கிறது. ஆபீஸ் வேலைக்கு 'கூடா' (CUDA, கிராபிக்ஸ் கார்டில் கணக்குகளை ஓட்டும் என்விடியா மென்பொருள்) வேண்டுமென்றால் என்விடியாவையே வாங்கிக்கொள், நான் ஒன்றும் சொல்லமாட்டேன். புரோகிராம் எழுதவும் கிம்பில் போட்டோ திருத்தவும்தான் என்றால் தனிக் கார்டே எதற்கு? கிராபிக்ஸும் சேர்ந்தே வரும் ஏஎம்டி பிராசஸர் ரைசன் 5 5600ஜி போதும். கடைசியில் வரும் 'ஜி'யைக் கவனி. வெறும் 5600-இல் கிராபிக்ஸ் கிடையாது. எல்லாம் மாட்டி முடித்துவிட்டுக் கருப்புத் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாய்.

இன்னொரு லாபமும் உண்டு. 5600ஜிக்கு ஏஎம்4 சாக்கெட் உள்ள போர்டு, டிடிஆர்4 ரேம். அப்பாவின் டிராயரில் இரண்டு 8 ஜிபி டிடிஆர்4 சும்மா கிடக்கிறது. நீ போட்டிருக்கும் ஏஎம்5 போர்டில் அது நுழையவே நுழையாது, பள்ளம் வேறு இடத்தில் இருக்கும். ஏஎம்4-இல் பி550 சிப்செட் போர்டு பார். பழைய ஸ்டாக் என்றால் பயாஸை, அதாவது கம்ப்யூட்டரைத் துவக்கும் போர்டு மென்பொருளை, அப்டேட் செய்து கொடுக்கச் சொல்லு. இந்தப் பிராசஸர் வந்தது 2021-இல், அதற்கு முந்தைய பயாஸுக்கு இதை அடையாளம் தெரியாது.

கரண்ட் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ்ஸுக்கு லினக்ஸ், விண்டோஸ் என்ற பேதமில்லை. மலிவாக மட்டும் வாங்கிவிடாதே.

கடையிலேயே அசெம்பிள் செய்தால் இன்ஸ்டால் செய்யாமலே ஓடும் டெபியன் லைவ் பென்டிரைவைக் கையோடு கொண்டு போ. வைஃபை, சவுண்ட் இரண்டையும் பார். ஸ்லீப்புக்குப் போய் ஒழுங்காக எழுந்திருக்கிறதா என்றும் பார். முகம் சுளித்தால் சுளிக்கட்டும், பணம் நம்முடையது.

ரேமை அப்பா சனிக்கிழமை கூரியரில் போடுகிறார். கூடவே முறுக்கும் வைக்கிறேன் என்கிறார். இரண்டையும் ஒரே பெட்டியில் வைக்க வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன்.

அன்புடன்,
அம்மா